கழித்தலின் அரசியல்
ராபர்ட் ஹூடின் 'இன்டர்னல் எம்பயர்' குறித்து

வடிவத்துக்கு வரலாறு கிடையாது, அது கலைஞனின் மனசுக்குள்ளிருந்து சுயம்புவாக வருவது என்று சொல்கிறவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். இசை என்று வந்துவிட்டால் இந்தப் பேச்சு இன்னும் பலமாகிவிடும். சொல்லே இல்லாத, இயந்திரத் தாளம் மட்டுமே உள்ள இசை என்றால் கேட்கவே வேண்டாம். 'இதுல என்ன அரசியல் இருக்கு, ஆடிட்டுப் போக வேண்டியதுதானே' என்பார்கள். டெட்ராய்ட் நகரத்துக் கறுப்பினக் கலைஞர் ராபர்ட் ஹூடின் முதல் ஆல்பம் 'இன்டர்னல் எம்பயர்' (1994) இந்தப் பேச்சை எதிர்கொள்ள நமக்குக் கிடைக்கும் நல்லதொரு பிரதி.

டெக்னோ என்பது 1980களின் நடுப்பகுதியில் டெட்ராய்டின் கறுப்பின இளைஞர்கள் சிந்தசைசரையும் டிரம் மெஷினையும் வைத்து உருவாக்கிய நடன இசை. மினிமல் டெக்னோ அதிலிருந்து மெட்டைக் கழிக்கிறது, குரலைக் கழிக்கிறது, அலங்காரத்தைக் கழிக்கிறது. மிஞ்சுவது ஓர் அடித்தாளம், ஒரு சின்னச் சுரவரிசை, அவ்வளவுதான். இந்தக் கழித்தல் எங்கிருந்து வந்தது என்பதுதான் நம் கேள்வி.

ஆலையும் வேகமும்

1913இல் ஹென்றி ஃபோர்டு ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் அசெம்பிளி லைனைக் கொண்டுவந்தார். ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பூட்ட பன்னிரண்டரை மணி நேரம் ஆனது. அடுத்த ஆண்டே அது சுமார் 93 நிமிடமாகச் சுருங்கியது. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதே தொழிலாளியின் வாழ்க்கை என்றாச்சு. அந்த அசைவின் வேகமோ அவன் கையில் இல்லை. 1968 மே மாதம் டாட்ஜ் மெயின் ஆலையில் வேலைநிறுத்தம் வெடித்தது வேகத்தைக் கூட்டியதற்கு எதிராகத்தான். கறுப்பினத் தொழிலாளர்களின் புரட்சிகர சங்கமான 'டிரம்' அதிலிருந்துதான் பிறந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையில் நடந்த எழுச்சியில் 43 பேர் செத்திருந்தார்கள்.

பிறகு மூலதனம் மூட்டை கட்டியது. 1972இல் மோட்டவுன் இசை நிறுவனம் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனது. 1980இல் டாட்ஜ் மெயின் மூடப்பட்டது. 1950இல் பதினெட்டரை லட்சமாக இருந்த நகரத்தின் மக்கள்தொகை 1990இல் பத்தேகால் லட்சம். வெள்ளையர்கள் புறநகருக்குப் போய்விட்டார்கள், வரிப்பணமும் கூடவே போச்சு. ஹூட் 1965இல் பிறந்து வளர்ந்தது இந்த டெட்ராய்டில்.

முகமூடிக்காரர்கள்

'மேட்' மைக் பேங்க்ஸும் ஜெஃப் மில்ஸும் தொடங்கிய 'அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ்' குழுவில் ஹூடும் இருந்தார். பெயரிலேயே எதிர்ப்பு. படத்துக்கு முகம் காட்ட மறுத்தார்கள், பெரிய கம்பெனிகளிடம் போக மறுத்தார்கள். குழுவில் ஹூடுக்கு 'தகவல் அமைச்சர்' என்று பெயர். கருஞ்சிறுத்தைகள் கட்சியில் எல்ட்ரிட்ஜ் கிளீவர் வகித்த பொறுப்பின் பெயர் அது. நட்சத்திர வழிபாட்டில் பிழைக்கும் இசைச் சந்தையில் முகத்தைக் கழிப்பதும் ஒரு கழித்தல்தான்.

1990களின் தொடக்கத்தில் ஐரோப்பாவின் ரேவ் கூட்டங்களில் டெக்னோவின் வேகம் ஏறிக்கொண்டே போனது. ஒலிக்குமேல் ஒலியாக அடுக்கினார்கள். அதற்கான எதிர்வினையாகவே தன் இசையை ஹூட் விளக்கியிருக்கிறார். 1994இல் அவர் தொடங்கிய லேபிளின் பெயர் 'எம்-பிளாண்ட்'. அந்தப் பெயரில் ஆலை ஒளிந்திருக்கிறது. ஆல்பத்தில் 'மைனஸ்' என்றே ஒரு துண்டு உண்டு, கழித்தல் குறி. குட்டிச் சுரவரிசை ஒன்று சுழல்கிறது. ஒலியின் நிறம் மட்டும் மெல்ல மெல்ல மாறுகிறது. கொஞ்ச நேரத்தில் கேட்பவருக்கு அந்த மாற்றமே நிகழ்ச்சியாகிவிடுகிறது.

நகரம் காலியாச்சு, அதனால் இசையும் காலியாச்சு என்று எழுதிவிடுவது சுலபம். அது நாம் எப்போதோ தாண்டி வந்திருக்க வேண்டிய பழைய பிரதிபலிப்புக் கோட்பாடு. இங்கே நடப்பது வேறு. திரும்பச் செய்தல் என்பது ஆலையில் தொழிலாளியின் உடம்பின்மீது செலுத்தப்பட்ட அதிகாரம். ஹூட் அதே திரும்பச் செய்தலைக் கையிலெடுத்து அதன் வேகத்தைத் தானே தீர்மானிக்கிறார். 1968இல் வேகத்தைக் கூட்டாதே என்று தொழிலாளர்கள் ஆலை வாசலில் கேட்டதும், 1994இல் இவர் ரேவின் வேகத்தை மறுத்ததும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை அல்ல என்றே நான் வாசிக்கிறேன். 'உள்ளிருக்கும் பேரரசு' என்ற தலைப்பும் அப்படித்தான். வெளியே எல்லாம் பறிபோன ஒருவன், பறிக்க முடியாத ஓரிடத்துக்கு உரிமை கோருகிறான்.

பெட்டகத்தில் அடங்கியது

இந்த ஆல்பத்தை வெளியிட்டது பெர்லினின் டிரெசார் லேபிள். டிரெசார் என்றால் பெட்டகம். பெர்லின் சுவர் விழுந்த பிறகு, 1991இல், பழைய வெர்ட்ஹைம் பல்பொருள் அங்காடியின் நிலவறைப் பெட்டகத்தில் தொடங்கிய கிளப் அது. வெர்ட்ஹைம் ஒரு யூதக் குடும்பத்தின் நிறுவனம். நாஜி ஆட்சி அவர்களை அதிலிருந்து வெளியேற்றியிருந்தது. பறிக்கப்பட்டவர்களின் நிலவறையில், கைவிடப்பட்ட நகரத்தின் இசை. லேபிளின் முதல் வெளியீடே அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ்காரர்கள் 'எக்ஸ்-101' என்ற பெயரில் செய்ததுதான். பெர்லின் இவர்களுக்கு மேடை கொடுத்தது உண்மை, அதை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் கழித்தல் அத்தோடு நிற்கவில்லை. 2000களில் 'மினிமல்' பெர்லினின் விற்பனை முத்திரையாகப் புழங்கியபோது டெட்ராய்ட் கழிந்தது, ஆலை கழிந்தது, கறுப்பு உடம்பு கழிந்தது. வடிவம் மட்டும் மிஞ்சியது. 2024 மார்ச்சில் ஜெர்மனி தன் தேசிய மரபுப் பட்டியலில் டெக்னோவைச் சேர்த்துக்கொண்டது. பட்டியலில் உள்ள பெயர் 'பெர்லினின் டெக்னோப் பண்பாடு'. டெட்ராய்ட்காரர்களோ சப்மெர்ஜ் கட்டடத்தில் தங்கள் வரலாற்றுக்குச் சொந்தமாக ஒரு சிறு காட்சியகம் வைத்திருக்கிறார்கள்.

ஹூட் கழித்தது மிகையை. சந்தை கழித்தது வரலாற்றை. இரண்டுக்கும் 'எளிமை' என்ற ஒரே சொல்லைப் போட்டு அழகியல் பேசுகிறவர்களிடம் நாம் கேட்க வேண்டியது: எதைக் கழிச்சீங்க, யாரைக் கேட்டுக் கழிச்சீங்க?