ஞாயித்துக்கிழமையும் கடை ஷட்டரும்

ரிச்சி ஸ்ட்ரீட் ஞாயித்துக்கிழமை தூங்கும். ரங்கநாதன் தெரு அன்னிக்குத்தான் முழுசா முழிச்சுக்கும். பாரிமுனை மொத்த வியாபாரக் கடைகளுக்கு ஞாயிறு லீவு, சலூனுக்கு செவ்வாய் லீவு. எல்லாமே ஒரே ஊர், ஒரே சட்டம். "அமெரிக்கா, ஐரோப்பாவுல எல்லாம் ஞாயிறு கடையை மூடுவான், நாமளும் மூடணும்" என்று ஒரு கட்சி. "அது கிறிஸ்தவ நாட்டு வழக்கம், நமக்கெதுக்கு" என்று இன்னொரு கட்சி. ஆபீஸ் லஞ்ச் டேபிளில் இந்தச் சண்டை அடிக்கடி ஓடும். ரெண்டு கட்சியுமே நம்ம ஊர் சட்டத்தைப் படிச்சதில்லை என்பது என் சந்தேகம். நான் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். கிடைத்ததை இங்கே கொட்டுகிறேன். கொஞ்சம் நீளம், காபி எடுத்துக்கிட்டு வந்துடுங்க மக்களே.

மயிலாப்பூரிலிருந்து ஆரம்பிக்கலாம். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் கபாலீச்சரத்தில் பாடிய பூம்பாவைப் பதிகம் ஒரு வகையில் அந்த ஊரின் விசேஷ காலண்டர். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று வரிசையாக வரும். எல்லாம் மாசமும் நட்சத்திரமும்தான், கிழமைக்கு அங்கே வேலையே இல்லை. அவருக்குக் கிழமை தெரியாதா? தெரியாமல் என்ன, கோளறு பதிகத்தில் கோள்களைக் கிழமை வரிசையிலேயே அடுக்கியவர்தான். விசேஷ நாளை முடிவு செய்வது மட்டும் நிலாவும் நட்சத்திரமும்.

இந்தப் பழக்கம் ரொம்ப நாள் ஓடியிருக்கிறது. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் விடுமுறை. அதற்கு 'வாவு' என்று பெயர். வேத பாடசாலைகளில் இன்றும் பிரதமை அன்று புதுப் பாடம் கிடையாது. கொத்தனார், ஆசாரி பல பேர் அமாவாசைக்கு வேலைக்கு வராததை வீடு கட்டியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அழுதுகொண்டே சொல்வார்கள் :-) ஆக, நமக்கு ஓய்வு நாள் பழக்கமே இல்லை, வெள்ளைக்காரன்தான் கொண்டுவந்தான் என்பது தப்பு. ஏழு நாளைக்கு ஒருமுறை, ஊர் முழுக்க ஒரே கிழமையில் என்பதுதான் புதுசு.

அந்தப் புதுசு எங்கிருந்து வந்தது? யூதர்களுக்கு சனிக்கிழமை சபாத். கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு நகர்ந்தார்கள். கி.பி. 321-ல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் நகரவாசிகளும் கைத்தொழிலாளர்களும் ஞாயிறு ஓய்வெடுக்க வேண்டும் என்று ஆணை போட்டார். விவசாயிக்கு மட்டும் விலக்கு. மழையும் விதைப்பும் கிழமை பார்க்காது என்கிற விவரம் அவருக்குத் தெரிந்திருந்தது. பிறகு கம்பெனிக்காரர்கள் கப்பலில் இங்கே கொண்டுவந்தார்கள். 1799-ல் வெல்லெஸ்லி போட்ட பத்திரிகை விதிகளில் 'ஞாயிறு அன்று பத்திரிகை வெளியாகக் கூடாது' என்றே ஒன்று உண்டு.

ஆனால் கூலிக்காரனுக்கு ஞாயிறு லீவு கிடைத்த கதையில் பாதிரியாரும் இல்லை, வைஸ்ராயும் இல்லை. அது நாராயண் மேகாஜி லோகாண்டே என்கிற பம்பாய்க்காரர். ஜோதிராவ் பூலேயின் தோழர், 'தீனபந்து' பத்திரிகையை நடத்தியவர். 1884-ல் மில் தொழிலாளர்களைத் திரட்டி, வாரம் ஒரு நாள் லீவு வேண்டும், அது ஞாயிறாக இருக்க வேண்டும் என்று கேட்டார். மகாராஷ்டிராவில் ஞாயிறு கண்டோபா சாமிக்கு உகந்த நாள் என்பதும் ஒரு வாதமாக இருந்தது என்பார்கள். 1890 ஜூன் 10-ம் தேதி மில் முதலாளிகள் இறங்கி வந்தார்கள். அடுத்த வருஷமே, 1891 தொழிற்சாலைச் சட்டத்தில் வார விடுமுறை ஏறிவிட்டது. நாம வெள்ளிக்கிழமை சாயங்காலம் 'ஹேப்பி வீக்கெண்ட்' மெயில் அனுப்பும்போது ஒரு தடவையாவது இந்த மனுஷனை நினைச்சிருக்கோமா? 2005-ல் தபால் தலை போட்டதோடு நாடு கடமையை முடித்துக்கொண்டது.

சரி, மில்லுக்கு லீவு கிடைச்சாச்சு. கடைப் பையனுக்கு? மத்திய சட்டசபை 'வார விடுமுறைச் சட்டம்' என்று ஒன்றை 1942-ல்தான் கொண்டுவந்தது. அதுவும் மாகாணங்கள் விரும்பினால் அமல்படுத்தலாம் என்கிற ரகம். மதராஸ் மாகாணம் முழுமையான கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தை இயற்றியது 1947-ல். ஐம்பத்தாறு வருஷ இடைவெளி. மில்லில் ஆயிரம் பேர் ஒரே சங்கு சத்தத்துக்கு வெளியே வருவார்கள், ஒன்றாக நின்று கேட்க முடியும். கடையில் மூணு பேர், அதில் ஒருத்தர் முதலாளியின் மச்சான். யார் போய்க் கேட்பது?

அந்தச் சட்டத்தின் 11-வது பிரிவு எனக்கு ரொம்பப் பிடித்தது. நல்ல புரோகிராமர் எழுதின மாதிரி இருக்கும். ஒவ்வொரு கடையும் வாரத்தில் ஒரு நாள் முழுசாக மூட வேண்டும். எந்த நாள் என்பது கடைக்காரர் இஷ்டம், ஆனால் கண்ணில் படும் இடத்தில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவைக்கு மேல் அந்த நாளை மாற்றக் கூடாது. இது தவிர, ஊழியருக்கு வாரம் ஒரு முழு நாள் விடுமுறை. அதற்காகச் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது.

கவனிச்சீங்களா, 'ஞாயிறு' என்ற வார்த்தையே அங்கே கிடையாது. மதச் சண்டைக்கு அதில் இடமே இல்லை. இன்னொரு விஷயம், பூட்டு ரெண்டு. ஆளுக்கு லீவு கொடு என்று மட்டும் சொல்லி விடாமல், கடையையே மூடு என்றும் சொல்கிறது. ஏன் ரெண்டு? பஞ்சாபிலும் இதே மாதிரி ஒரு சட்டம் உண்டு. அங்கே ஃபெரோஸ்பூர் கடைக்காரர் ஒருவர், "என் கடையில் சம்பளத்துக்கு ஆளே இல்லை, நானும் என் குடும்பமும்தான், நான் ஏன் மூடணும்?" என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். மனோகர் லால் வழக்கு, 1960-ல் தீர்ப்பு. தோற்றுப் போனார். கடைக்காரரின் உடம்புக்கும் ஓய்வு வேண்டும், தவிர இப்படி விலக்குக் கொடுத்தால் சட்டத்தை ஏமாற்ற வழி திறந்துவிடும் என்பது கோர்ட்டின் கருத்து. கல்லாவில் நிற்பவர் சம்பளக்காரரா, சித்தப்பா பையனா என்று வெளியிலிருந்து பார்க்கும் இன்ஸ்பெக்டருக்கு எப்படித் தெரியும்? ஷட்டர் இறங்கியிருந்தால் தெரியும், அவ்வளவுதான்.

ஆளாளுக்கு ஒரு நாள் போதும், பொதுவாக ஒரு நாள் எதுக்கு என்று கேட்கலாம். ரஷ்யாவில் 1929-ல் ஸ்டாலின் அதைச் செய்து பார்த்தார். ஐந்து நாள் வாரம், தொழிலாளர்களை ஐந்து குழுவாகப் பிரித்து ஒவ்வொரு நாளும் ஒரு குழுவுக்கு ஓய்வு. மெஷின் நிற்கவே நிற்காது. புருஷனுக்கு ஒரு நாள், பெண்டாட்டிக்கு வேறொரு நாள். 1931-ல் அதை ஆறு நாளாக்கி, 1940-ல் பழைய ஏழு நாளுக்கே திரும்பினார்கள். இலங்கையில் இன்னொரு மாதிரி. 1966 முதல் ஞாயிற்றுக்குப் பதில் போயா நாட்கள்தான் வார விடுமுறை. அமாவாசை, பௌர்ணமி, நடுவில் ரெண்டு அரை நிலா. நம்ம வாவு கணக்கேதான்! ஆனால் நிலா மாசம் இருபத்தொன்பதரை நாள். நாலால் வகுத்தால் ஏழு சுத்தமாக வராது, சில வாரம் எட்டு நாள் நீளும். அந்தக் காலத்து கொழும்பில் பேரோல் சாஃப்ட்வேர் எழுத நேர்ந்திருந்தால் நான் அன்றே ராஜினாமா. உலகமே ஞாயிறு லீவில் இருக்க இவர்கள் மட்டும் திறந்து வைத்து என்ன வியாபாரம் பண்ண? 1971-ல் ஞாயிறு திரும்பி வந்தது.

இப்போ தி.நகர். நமக்கெல்லாம் ஞாயிறு லீவு, அதனால்தான் ரங்கநாதன் தெருவில் ஞாயிறு கூட்டம். நம்ம லீவு அவர்கள் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. 2010-ல் வசந்தபாலன் 'அங்காடித் தெரு' எடுத்த பிறகு இதைத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. சட்டத்தைப் பொறுத்தவரை செவ்வாயோ புதனோ மூடினாலும் போதுமாக இருந்தது. 2019-ல் அதுவும் போனது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் வருஷம் பூராவும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று தமிழக அரசு மூன்று வருஷத்துக்கு உத்தரவு போட்டது. 2022-ல் அதை நீட்டித்தார்கள். ஊழியருக்கு சுழற்சி முறையில் வாரம் ஒரு நாள் லீவு தர வேண்டும், அந்தப் பட்டியலைக் கடையில் வைக்க வேண்டும் என்று அதிலேயே நிபந்தனை உண்டு. அதாவது ஒரு பூட்டைக் கழற்றிவிட்டு, இன்னொன்றை மட்டும் நம்புகிறோம்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். விலக்கு பெரிய கடைக்குத்தான். ரெண்டு பையன்களை வைத்துக்கொண்டு கடை நடத்தும் தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சி, எழுத்துப்படி பார்த்தால் இன்னும் 11-வது பிரிவுக்குள்தான். ஷிப்ட் போட்டு ஓய்வு கொடுக்க வசதி உள்ளவனுக்குத்தான் விலக்கு என்று நியாயம் சொல்லலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஷிப்ட் லீவு எப்படி என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். நான் ஒரு வருஷம் சப்போர்ட் புராஜெக்டில் இருந்தேன், செவ்வாய்-புதன் வீக் ஆஃப். பேப்பரில் வாரம் ரெண்டு நாள். நிஜத்தில் "ஒரே ஒரு கால்தான் பாஸ்" என்று எத்தனை செவ்வாய் போனது என்பதை எந்த ரோஸ்டரும் காட்டாது. ஏசி ரூமில் உட்கார்ந்து வேலை பார்த்த எனக்கே அப்படி. நாள் பூரா நிற்பவர்களுக்கு உட்கார நாற்காலி வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021-ல் தனியாக ஒரு சட்டத்திருத்தம் தேவைப்பட்டது. அவர் போய் "இந்த வாரம் எனக்கு வர வேண்டிய லீவு வரலை" என்று ஃப்ளோர் சூப்பர்வைசரிடம் கேட்பாரா?

ஞாயிறுதான் மூட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். 2020 ஜூலை, ஆகஸ்டில் ஞாயிறுதோறும் முழு ஊரடங்கு போட்டார்களே, அப்போது ரங்கநாதன் தெருவும் ஷட்டரைப் போட்டுக்கொண்டு கிடந்தது. அதை ஓய்வு என்று ஒருத்தரும் கொண்டாடவில்லை, வியாபாரம் போச்சே என்ற பயம்தான். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மூடச் சொன்னால் முதலில் அடி வாங்குவது கமிஷனை நம்பும் சேல்ஸ் ஆட்கள்தான். ஆனால் ஏதோ ஒரு கிழமை, கடையே தேர்ந்தெடுத்த கிழமை, ஷட்டர் கீழே இறங்கணும். சலூன்காரர்கள் எத்தனை காலமாக செவ்வாய் மூடுகிறார்கள்! அதனால் மயிலாப்பூரில் யாரும் சடைமுடியோடு திரியவில்லை. நாம திங்கட்கிழமையே போய் வெட்டிக்கப் பழகிட்டோம்.

பாண்டி பஜார், லஸ் கார்னர் பக்கம் நடைபாதையில் விற்பவர்களை இதில் நான் சேர்க்கவில்லை. அவர்களுக்கு இறக்க ஷட்டரும் கிடையாது, லீவு கொடுக்க முதலாளியும் கிடையாது. ஒரு நாள் போகலைன்னா அன்னிக்கு வருமானம் இல்லை. 2014-ல் தெரு வியாபாரிகளுக்கு என்று தனிச் சட்டமே வந்தது. அது வேற ஏரியா, அதைத் தொட்டால் இன்னொரு ராத்திரி தூக்கம் போகும். இன்னொரு பதிவில் பார்ப்போம்.