பார்த்த சாட்சி இல்லையென்றால் பாலியல் வழக்கு நிற்காதா?

"பார்த்தவர் யாருமில்லை, கோர்ட்டுக்குப் போய் என்ன பயன்?" பாலியல் வன்கொடுமை நடந்த வீடுகளில் பெரியவர்கள் பலர் முதலில் சொல்வது இதுதான். நாம் இதைச் சட்டமென்றே நம்பிவிட்டோம். ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் நம்பத்தக்கதாக இருந்தால் அதை மட்டும் வைத்தே தண்டனை வழங்கலாம். உச்ச நீதிமன்றம் 1996இல் 'பஞ்சாப் அரசு எதிர் குர்மீத் சிங்' வழக்கில் இதை விரிவாக விளக்கியது. தேர்வு எழுதிவிட்டு வந்த, பதினாறு வயது நிரம்பாத மாணவி காரில் கடத்தப்பட்ட வழக்கு அது. புகார் தாமதமானது, கார் எந்த வகை என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை என்றெல்லாம் காரணம் காட்டி விசாரணை நீதிமன்றம் குற்றவாளிகளை விடுவித்திருந்தது. குடும்ப மானத்தை நினைத்துத் தயங்குவது இயல்பு, காரின் பெயர் தெரியாதது ஒரு குறையல்ல என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து தண்டனை விதித்தது.

தாமதத்துக்கு நம் மாநிலத்து வாச்சாத்தியே சாட்சி. 1992இல் நடந்த கொடுமை அது. 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2011இல். அதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் உறுதிசெய்தது.

அப்படியானால் பெண் எதைச் சொன்னாலும் தண்டனையா? இல்லை. 2012இல் டெல்லி வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், பழுதற்ற சாட்சி என்பவர் முதல் புகார் தொடங்கிக் குறுக்கு விசாரணை வரை அடிப்படைச் செய்தியில் மாறாமல் நிற்பவர் என்று விளக்கி, அந்த அளவுக்கு நிற்காத சாட்சியத்தை ஏற்காமல் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. நேரம், நிறம் போன்ற சின்ன முரண்பாடுகள் வழக்கைக் கெடுக்காது. கேஸ் வலுவாக இருக்கட்டும் என்று உறவினர்கள் ஒட்டிவைக்கும் சொற்கள்தாம் கெடுக்கும். நடந்ததை நடந்தபடி அவரே சொல்லட்டும். பக்கத்தில் இருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள்.

அவருடைய பழைய நடத்தையைக் கிளறும் கேள்விகளுக்கும் இடமில்லை. பெண்ணின் ஒழுக்கத்தைக் காட்டிச் சாட்சியத்தைத் தாக்க அனுமதித்த பிரிவு 2003இலேயே சாட்சியச் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. 'இரு விரல்' பரிசோதனை நடத்துபவர் ஒழுங்கீனம் செய்தவராகக் கருதப்படுவார் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் எச்சரித்தது.

குழந்தை என்றால் போக்சோ சட்டம் பொருந்தும். வழக்கறிஞர்கள் குழந்தையிடம் நேரடியாகக் கேள்வி கேட்க முடியாது. நீதிபதி வழியாகவே கேட்க வேண்டும். குற்றவாளியின் முகம் குழந்தையின் கண்ணில் படாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வழக்குகளை ஜமாஅத்தில் பேசி முடித்துவைக்கச் சட்டத்தில் இடமில்லை. குழந்தைக்கு நடந்தது தெரிந்தும் காவல்துறையிடம் சொல்லாமல் விடுவதே தண்டனைக்குரிய குற்றம். மத்ரஸா, பள்ளிக்கூடம், விடுதி நடத்துபவர்கள் தம்மிடம் பணிபுரிபவரைப் பற்றி மறைத்தால் ஓராண்டு வரை சிறை. குழந்தைகள் உதவி எண் 1098, பெண்களுக்கு 181.