சேணத்தில் ஒரு பெயர்

காவேரிப்பட்டினம் என்றவுடன் தமிழ் பயின்றோர் நினைவு பூம்புகாருக்கே ஓடும். கடல்வழியே குதிரைகள் வந்திறங்கிய துறையாகப் பட்டினப்பாலை காட்டுவது அந்த ஊரைத்தான். நாம் இங்குப் பேச எடுத்துக்கொண்டது மற்றொரு காவேரிப்பட்டினம். கிருஷ்ணகிரிக்குத் தெற்கே, தென்பெண்ணைக் கரையில் உள்ள ஊர். இங்குக் கடலும் இல்லை, காவிரியும் இல்லை. ஆயினும் குதிரைக் குளம்பொலி இவ்வூர் வரலாற்றிலும் கேட்கிறது. முதல் மைசூர்ப் போரில், 1767 ஆகஸ்டு மாதத்தில், ஐதர் அலியின் படை இங்கிருந்த கம்பெனிக் காவலை முற்றுகையிட்டு வென்றது. அடுத்த சில நாட்களில், செப்டம்பர் 3 அன்று, செங்கத்தில் பெரும்போர் நிகழ்ந்தது. அப்போரின் தளபதிகள் யார் யார் என வரலாற்று நூல்கள் விரிவாகச் சொல்கின்றன. அவர்களைச் சுமந்த குதிரைகளுக்கு என்ன பெயர் என்று அவை சொல்வதில்லை.

இப்பெயர்க் குறைவை எண்ணும்போதுதான், சேணத்தின் பின்புறத்தில் பதிக்கப்படும் சிறு பித்தளைத் தகடு நம் கவனத்துக்கு உரியதாகிறது. சேணத்திற்குத் தமிழில் பெயர்ப் பஞ்சம் இல்லை. வடமொழிப் 'பர்யாண'த்தின் வழிவந்த பல்லணம் இலக்கியத்தில் உண்டு. பாரசீக 'ஜீன்' வழிவந்த ஜீனி பேச்சில் உண்டு. ஆனால் அச்சேணத்தின்மேல் எழுத வேண்டியது ஆளின் பெயரா, குதிரையின் பெயரா?

சங்கப் புலவரிடம் கேட்டால் விடை எளிது. சிறுபாணாற்றுப்படையில் காரியின் குதிரைக்குக் காரி என்றும், ஓரியின் குதிரைக்கு ஓரி என்றும் பெயர். ஒரே பெயர் இருவருக்கும் போதுமானதாக இருந்தது. தகடூர் நாட்டை அடுத்த திருக்கோவலூரிலும் கொல்லிமலையிலும் ஆண்ட இவ்விருவரையும் அவர்தம் குதிரைகளிலிருந்து பிரித்து நினைக்க அப்புலவருக்கு மனம் வரவில்லை போலும். பிற்காலத்தில் பாராசாரி, நீலவேணி என்னும் குதிரைப் பெயர்களைத் தேசிங்குராசன் கதைப்பாடல் காத்துத் தந்தது.

கல்லில் எழுதியோரும் விலங்குகளை முற்றிலும் மறக்கவில்லை. செங்கம் பகுதியில் எடுத்தனூர் நடுகல், மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. வீரன் கருந்தேவகத்தியோடு அவன் நாய் கோவிவனும் அதில் பெயர் பெற்று நிற்கிறது. அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்கே ஒரு கல் உண்டு. கிருஷ்ணகிரி வட்டாரத்தின் பிற்கால நடுகற்களில் குதிரைமேல் வீற்றிருக்கும் வீரர்கள் பலர். எழுத்துள்ள கற்களில் பெரும்பாலும் வீரன் பெயரே கிடைக்கிறது. குதிரைக்கு உருவம் மட்டுமே.

அரசுகள் குதிரையைப் பெயரால் அறிய முயன்றதில்லை, அடையாளத்தால் அறிந்தன. அலாவுதீன் கில்ஜியும் பின்னர் அக்பரும் படைக்குதிரைகளுக்குச் சூடிடும் முறையைக் கைக்கொண்டனர். நல்ல குதிரையைக் காட்டிப் பணம் பெற்று, போருக்கு மட்டமான குதிரையை அனுப்பும் மோசடியைத் தடுப்பதே அதன் நோக்கம். பிரித்தானியப் படையில் குளம்பில் எண் சூடிடப்பட்டது. சேணத்தோலில் அரசு உடைமை என்பதைக் காட்டும் அம்புக்குறி முத்திரை குத்தப்பட்டது. கம்பெனிப் படைக்குக் குதிரை வளர்ப்பதற்கென்றே ஓசூரை அடுத்த மத்திகிரியில் 1824இல் ஒரு பண்ணை தோன்றியது. இன்று அது அரசின் கால்நடைப் பண்ணை. 1,600 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்புடையது. சூடும் எண்ணும் குதிரை எவருடையது என்று சொல்லும். அது எந்தக் குதிரை என்று அழைத்துச் சொல்லப் பெயர் வேண்டும்.

இதில் உணர்ச்சி மட்டும் இல்லை, பயனும் உண்டு. சேணம் ஒரு குதிரையின் முதுகுக்குப் பொருந்தினால் மற்றொன்றின் முதுகை உறுத்தும். சேணம் மாறிப்போனால் முதுகு புண்ணாகும். எனவே லாயத்தில் பல சேணங்கள் அடுத்தடுத்து இருக்குமிடத்தில் குதிரையின் பெயர் பொறித்த தகடு அவ்வாயில்லா உயிருக்கு ஒரு காப்பு. உடையவர் பெயரையும் சேர்க்க விரும்புவோர், நம் வீட்டுப் பாத்திரங்களில் பெயர் வெட்டும்போது செய்வதுபோல், தலைப்பெழுத்தோடு சுருக்கமாக இரண்டாம் வரியில் வெட்டிக்கொள்ளலாம்.

தகட்டைத் தேரும்போது மூன்றைக் கருத வேண்டும். முதலாவது, எழுத்து ஆழமாக வெட்டப்பட்டிருத்தல். மேலோட்டமாகக் கீறிய எழுத்து, துலக்கத் துலக்கத் தேய்ந்து மறையும். இரண்டாவது, இடம். சேணத்தின் பின்மேட்டின் வெளிப்புறமே ஏற்றது. அங்குக் காலும் உராயாது, குதிரையின் முதுகிலும் படாது. மூன்றாவது, பொருத்தும் முறை. ஆணி நீண்டு உட்புறம் துருத்தக்கூடாது. இவ்வேலையைச் சேணம் தைப்பவரிடமே விடுவது நன்று. கான்பூரில் 1863இல் படைக்கான சேணத் தொழிற்சாலை தோன்றியது. அந்நகரின் சேணத் தொழில் இன்று புவிசார் குறியீடு பெற்றது. தகடு பொருத்தும் நுட்பமும் அத்தொழிலறிவில் அடங்கியதே.

பராமரிப்பில் நம் அடுக்களைப் பழக்கம் ஓரிடத்தில் நம்மை ஏமாற்றும். பித்தளையைப் புளியிட்டுத் துலக்குவது நம் வழக்கம். சேணத்தில் பதித்த தகட்டில் அது ஆகாது. புளியின் காடி தோலில் இறங்கி அதைக் கெடுக்கும். உலர்ந்த மென்துணியால் அடிக்கடி துடைப்பதே போதும். தகட்டின் விளிம்பில் பச்சையாகப் பிசுக்கு கட்டினால், அது தோலுக்கிட்ட எண்ணெயும் பித்தளையிலுள்ள செம்பும் கூடி விளைந்தது. மரக்குச்சியால் மெல்லச் சுரண்டி எடுக்கலாம். சேணத்துக்கு எண்ணெய் இடும்போது தகட்டைச் சுற்றிச் சிறிது விட்டு இடுதல் நலம்.

இன்னொரு பகை லாயத்திலேயே இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பிரித்தானியப் படையினர் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்தனர். மழை முடிந்து எடுத்தபோது பித்தளைக் கூடுகள் பல வெடித்திருந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும், குளிர்நிலையில் இழுத்து வடிவமைத்த உலோகத்துள் தங்கிய இறுக்கமும் சேர்ந்ததே காரணம் என 1921இல் ஆய்வாளர் விளக்கினர். சேணத்தின் வளைவுக்கேற்பச் சுத்தியால் அடித்து வளைத்த தகட்டிலும் அத்தகைய இறுக்கம் தங்கும். ஆகவே தகட்டைச் சூடேற்றி இறுக்கம் தளர்த்தித் தரச் சொல்வதும், சேணத்தை லாயத்துக்கு வெளியே காற்றோட்டமான அறையில் வைப்பதும் தகட்டின் ஆயுளை நீட்டிக்கும்.

பாரமகாலில் 1792 முதல் 1799 வரை நிருவாகப் பணியாற்றிய தாமஸ் மன்றோவின் குதிரைச் சிலை சென்னைத் தீவுத்திடலருகே நிற்கிறது. பிரான்சிஸ் சாண்ட்ரி வடித்து 1839இல் நிறுவப்பட்டது. அதில் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை என்பதைப் பலரும் வியந்து பேசுவர். சேணமே இல்லாத இடத்தில் பெயர்த்தகட்டைத் தேடுவது எங்ஙனம்? ஆளவந்தார் பெயரை உலகம் எப்படியும் எழுதிவைக்கும். சுமந்ததன் பெயரை, அதன் முதுகில் ஏறியவர்தாம் எழுத வேண்டும்.

குதிரையைவிடச் சேணம் நெடுநாள் வாழும். வேறொரு குதிரைக்கு அது பொருந்திப் போகும் நாள் வந்தால், பழைய பெயரை அராவி அழித்துவிட்டு அதன்மேல் புதிதை வெட்ட வேண்டாம். தகட்டைக் கழற்றி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதிய குதிரைக்குப் புதிய தகடு செய்துகொள்ளலாம். கோவிவனுக்கு அன்று ஒருவன் கல்லில் இடம் கொடுத்ததால்தான், ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் கடந்தும் அந்த நாயை நாம் பெயர் சொல்லி அழைக்கிறோம்.