மார்பகக் கட்டிக்கு ரத்தக்குழாய் எங்கிருந்து வருகிறது?

மார்பகப் புற்றுநோய் பெரும்பாலும் பால் நாளங்களின் உட்சுவரில் தொடங்குகிறது. நாளத்துக்குள் ரத்தக்குழாய் கிடையாது. வெளியிலிருந்து கசிந்து வரும் பிராணவாயுவையும் சத்தையும் கொண்டே அந்த அணுக்கள் பிழைக்கின்றன. அப்படி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வரை வளரலாம். அதற்கு மேல் வளர கட்டிக்குச் சொந்த ரத்தக்குழாய் வேண்டும். அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971இல் இதைச் சொன்னபோது நம்பியவர்கள் குறைவு.

மூச்சுத் திணறும் அணுக்கள் வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது பட்டதும் பக்கத்துக் குழாயில் கிளை வெடித்து, கட்டியை நோக்கி வளரும். காயம் ஆறும்போது உடல் செய்கிற அதே வேலைதான். ஆனால் காயத்தில் அது நின்றுவிடும், இங்கே நிற்பதில்லை. அவசரமாக முளைத்த இந்தக் குழாய்கள் கோணலாகவும் கசிவாகவும் இருப்பதால், நாளச் சுவரைத் தாண்டி வந்த அணுக்கள் எளிதில் உள்ளே நுழைந்துவிடும். கையில் தட்டுப்படும் அளவுக்கு வந்த புற்றுக்கட்டியில் இவ்வளவும் ஏற்கெனவே நடந்திருக்கும். வலி மட்டும் பெரும்பாலும் இருக்காது. வலித்தால் பார்க்கலாம் என்று நம் தாய்மார்கள் தள்ளிப்போடுவது இதனால்தான்.

அதே புரதக் குடும்பத்தின் 'சி', 'டி' வகைகள் நிணநீர்க் குழாய்களை வளர்க்கின்றன. மார்பக நிணநீரில் பெரும்பங்கு அக்குளுக்கு வடிவதால், நோய் முதலில் எட்டிப்பார்ப்பதும் பெரும்பாலும் அங்கேதான். நீலச் சாயமோ மிகக் குறைந்த கதிரியக்கப் பொருளோ செலுத்தி, நிணநீர் முதலில் சேரும் முடிச்சை மருத்துவர் கண்டுபிடித்துச் சோதிப்பார். அது சுத்தமாக இருந்தால் மற்ற முடிச்சுகளை எடுக்க வேண்டியதில்லை. இது சின்ன விஷயமல்ல. எல்லாவற்றையும் எடுத்தவர்களில் சிலருக்குக் கை வீங்கி, ஆயுளுக்கும் தொல்லை கொடுக்கும். பால் மரம் சீவுகிறவருக்கும் தொழிற்சாலையில் நிற்பவருக்கும் கைதானே சம்பளம்.

அறுவைக்குப் பின் வரும் பரிசோதனை அறிக்கையில் எல்.வி.ஐ. என்றொரு வரி இருக்கும். கட்டியைச் சுற்றியுள்ள சிறு ரத்த, நிணநீர்க் குழாய்களுக்குள் புற்றணு தென்பட்டதா என்பதையே அது சொல்கிறது. தென்பட்டால் நோய் பரவிவிட்டது என்று அர்த்தமில்லை. மருந்து, கதிர்வீச்சு பற்றி முடிவெடுக்கும்போது மருத்துவர் அதையும் கணக்கில் சேர்ப்பார். தயங்காமல் கேளுங்கள்.

குழாயை அடைத்தால் கட்டி பட்டினியில் சாகும் என்பது கேட்க எளிது. அதற்காக வந்த பெவாசிசுமாப் மருந்தை, முற்றிய மார்பகப் புற்றுக்குத் தரலாம் என அமெரிக்கா 2008இல் அனுமதித்தது. கட்டி வளர்வது சிறிது தள்ளிப்போனது, ஆயுள் நீண்டதாக நிரூபணமாகவில்லை. 2011இல் அனுமதி விலக்கப்பட்டது. ஆராய்ந்து செய்த மருந்துக்கே அந்த நிலை என்றால், புற்றைப் பட்டினி போடும் பொடி என்று வாட்சாப்பில் விற்பவரிடம் என்ன இருக்கப்போகிறது?