அமராவதி முதலைகளும் ஒரு முட்டைக் கணக்கும்

திருப்பூர்ல இருந்து ஞாயித்துக்கிழமை வண்டி எடுத்துட்டு அமராவதி அணைக்குப் போறவங்க, பக்கத்துல இருக்கிற முதலைப் பண்ணையையும் ஒரு எட்டு பாத்துட்டு வருவாங்க. நானும் அப்படித்தான். அந்தப் பண்ணை ஏன் அங்கே வந்தது என்று தேடிப் படித்தபோதுதான், அதற்குள் ஒரு முட்டைக் கணக்கு இருப்பது தெரிந்தது.

உடம்பு பெருசா இருந்தா குட்டி குறைச்சல் என்றுதான் பொதுவாக நினைப்போம். அணைக்கு மேலே ஆனைமலைக் காட்டில் திரியும் யானை, ஏறக்குறைய 22 மாதம் சுமந்து ஒரு குட்டிதான் போடும். முயல் ஒரே ஈற்றில் பல குட்டி போடும். ஆனால் இது வேறு வேறு விலங்குகளை ஒப்பிடும்போது வருகிற கணக்கு. முதலைகளுக்குள் மட்டும் பார்த்தால் அப்படியே தலைகீழ்: தாய் பெருசா இருந்தா முட்டையும் அதிகம்.

முதலை பருவத்துக்கு வந்த பிறகும் மெதுவாக வளர்ந்துகொண்டே இருக்கும். நம்ம ஊர் சதுப்பு முதலையில் பெண், 1.7 முதல் 2 மீட்டர் நீளம் வந்ததும் முட்டையிடத் தொடங்கும். ஒரு குழியில் சராசரியாக 25 முதல் 30 முட்டை. பத்துக்குக் குறைவாகவும் இருக்கலாம், 40ஐத் தாண்டியும் போகலாம். வயிற்றில் இடமும் சேர்த்து வைத்த கொழுப்பும் இருந்தால்தானே அத்தனை முட்டையை உருவாக்க முடியும்?

இதை வைத்துத் தோல் வேட்டைக் காலத்தைப் பாருங்க. பெரிய முதலைக்குத்தான் பெரிய தோல். 40 முட்டை இடும் ஒரு தாயைச் சுட்டால், தலைக்கணக்கில் குறைவது ஒன்றுதான். முட்டைக் கணக்கிலோ, 13 முட்டை இடும் இளம் தாய்கள் மூன்று போன மாதிரி. அந்த இடத்துக்கு இன்னொன்று வளர்ந்து வரப் பல வருஷம் ஆகும்.

1972இல் வனவிலங்குச் சட்டம் வந்தது. 1975இல் ஐ.நா. அமைப்புகளின் உதவியோடு இந்திய அரசு முதலைப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அமராவதிப் பண்ணையும் அந்தக் காலத்தில் வந்ததுதான். அப்போது இது கோவை மாவட்டம். திருப்பூர் மாவட்டம் பிறந்ததே 2009இல். சின்னாறு, தேனாறு, பாம்பாறு மூன்றும் வந்து சேரும் நீர்த்தேக்கத்தின் கரையோரக் குழிகளில் முட்டைகளை எடுத்து, பொரிக்க வைத்து, குஞ்சுகளை வளர்த்தார்கள். இல்லாவிட்டால் பலவற்றை உடும்பும் நரியும் கீரியும் தின்றுவிடும்.

1976இல் ரோமுலஸ் விட்டேக்கரும் ஜாய் விட்டேக்கரும் தொடங்கிய சென்னை முதலைப் பண்ணையில் இன்னொன்றும் தெரியவந்தது. நல்ல தீனி கிடைத்தால் சதுப்பு முதலை ஒரே பருவத்தில் இரண்டு தடவைகூட முட்டையிடும். கொஞ்ச வருஷத்தில் பண்ணைகள் நிரம்பிவிட்டன. கொண்டுபோய் விடத்தான் ஆறும் குளமும் போதவில்லை.

ஆக, முட்டைப் பஞ்சத்தைப் பண்ணை தீர்த்துவிட்டது. ஒரு பெண் முதலை பல வருஷம் தொந்தரவில்லாமல் வளர்ந்து பெரிய தாயாக, மணல் கரையும் அமைதியான தண்ணீரும் வேண்டும். அதைப் பண்ணைத் தொட்டியில் செய்து தர முடியாது. அமராவதி நீர்த்தேக்கத்தில் இன்னமும் காட்டு முதலைகள் குழி தோண்டி முட்டையிடுகின்றன. அடுத்த தடவை போகும்போது, தொட்டியைப் பார்த்துவிட்டு அந்தக் கரையையும் கொஞ்ச நேரம் பாருங்க.