காதோரத் தமனியின் இடமாற்றம்

காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்துப் பாருங்கள், ஒரு துடிப்பு தெரியும். தலைத்தோலுக்கு ரத்தம் கொண்டுபோகும் சின்னத் தமனி அது. அதைப் பிரித்து எடுத்துவிட்டாலும் பெரும்பாலும் குடி முழுகிப் போகாது. அக்கம்பக்கத்துக் குழாய்கள் சமாளித்துக்கொள்ளும். மண்டையோட்டுக்கு வெளியே காலம் தள்ளும் இந்தக் குழாய் மூளைக்குள் வேலைக்குப் போன கதை, ஒரு கொலையில் தொடங்குகிறது.

1894இல் பிரான்ஸின் லியோன் நகரில் அதிபர் சாடி கார்னோவை ஒருவன் கத்தியால் குத்தினான். ஈரலுக்குப் போகும் பெரிய சிரை அறுபட்டு, ரத்தம் போயே அவர் இறந்தார். அறுந்த குழாயை இறுக்கிக் கட்ட அன்றைய மருத்துவர்களுக்குத் தெரியும்; ஓட்டம் நிற்காதபடி தைக்கத் தெரியாது. அதே ஊர் மருத்துவரான அலெக்ஸி காரெல் பூவேலை செய்யும் பெண்ணொருவரிடம் ஊசி பிடிக்கப் பழகினார் என்பார்கள். 1902இல் அவர் வெளியிட்ட முறை எளிமையானது. குழாயின் வாயில் மூன்று இடங்களில் தையல் போட்டு இழுத்தால் வட்டம் முக்கோணமாகிவிடும். நேராகிவிட்ட ஓரத்தைத் தைக்கும்போது ஊசி எதிர்ச்சுவரில் மாட்டாது. 1912இல் நோபல் பரிசு பெற்றார்.

ஆனால் மூளையின் மேற்பரப்புத் தமனிகள் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர்தான். வெறும் கண்ணுக்கு அது ஆகிற காரியமில்லை. 1960இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து பர்லிங்டனில் ஜூலியஸ் ஜேக்கப்சன் அறுவை நுண்ணோக்கியின் கீழ் அந்த அளவுக் குழாய்களைத் தைத்துக் காட்டினார். அங்கிருந்த நரம்பு அறுவை மருத்துவர் டோனகியின் ஆய்வுக்கூடத்துக்கு 1965இல் வந்துசேர்ந்தார் சூரிச்சில் அதே துறையில் பணியாற்றிய யாசர்கில். ஓராண்டுக்கு மேல் நாய்களின் ரத்தக் குழாய்களைத் தைத்துத் தைத்துக் கை பழகியது. ஊர் திரும்பியவர், 1967 அக்டோபர் 30 அன்று காதோரத் தமனியை மூளைத் தமனியோடு இணைத்தார். மறுநாளே டோனகியும் பர்லிங்டனில் அதைச் செய்தார்.

நோக்கம் பக்கவாதத் தடுப்பு. குழாய் அடைத்திருக்கிறதா, வேறு வழியாக ரத்தம் விடு என்ற கணக்கு. கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! உலகெங்கும் ஆயிரக்கணக்கில் செய்தார்கள். 1985இல் 1,377 நோயாளிகளை வைத்து நடந்த பன்னாட்டு ஆய்வின் முடிவு வந்தது. தைத்த இணைப்புகளில் 96 சதவீதம் திறந்தே இருந்தன. பக்கவாதம் மட்டும் குறையவில்லை. கை வேலையில் குறையில்லை, கணக்கில்தான் கோளாறு. பல அறுவைக் கூடங்கள் இந்த அறுவைக்குக் கதவைச் சாத்தின. ஆய்வு செய்தது சரிதான் என்பேன். ஆனால் அது கேட்ட கேள்வி, நோயால் அடைத்த குழாய்களைப் பற்றியது.

சிக்கலான அனியூரிசத்தில் நிலைமை தலைகீழ். தமனிச் சுவர் பலவீனப்பட்டு, பழைய சைக்கிள் ட்யூப் போலப் புடைத்துக்கொள்கிறது. புடைப்பின் கழுத்து குறுகியதாக இருந்தால் கிளிப் போட்டு மூடலாம். 1937இல் வால்டர் டாண்டி காட்டிய வழி அது. இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் பெருத்து, உள்ளே ரத்தம் உறைந்து, புடைப்பிலிருந்தே கிளைத் தமனிகளும் கிளம்பினால்? கிளிப் நிற்காது. தமனியையே அடைத்தாக வேண்டும். அடைத்தால் அப்பால் உள்ள மூளை பட்டினி கிடக்கும். இங்கே அடைப்பை உண்டாக்கப்போவதே மருத்துவர்தான். அதனால் பைபாஸ் எனும் மாற்றுப் பாதை முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

தையலைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். மூளைத் தமனிக்கு அடியில் ஒரு துண்டு நிற ரப்பர் தாளைச் செருகுகிறார்கள். இருபுறமும் சின்னக் கிளிப் விழுகிறது. அந்த நொடியிலிருந்து கடிகாரம் ஓடுகிறது. தமனியில் நீளவாக்கில் ஒரு கீறல். சாய்வாக வெட்டிய காதோரத் தமனியின் வாய் அதன்மேல் உட்காருகிறது. விளிம்பு தெரிய நீலச் சாயம் தொடுகிறார்கள். நைலான் நூல் தலைமுடியைவிட மெல்லியது. மூச்சு வாங்கினால்கூடக் கை ஆடுவது நுண்ணோக்கியில் தெரியும். தைத்து முடித்துக் கிளிப்பை எடுத்த பிறகு, வேறொரு சாயத்தைச் சிரையில் செலுத்தி அகச்சிவப்பு ஒளியில் பார்த்தால் ரத்தம் ஓடும் பாதை பளிச்சென்று மின்னும். அதன்பிறகுதான் புடைத்த தமனியை மூடுகிறார்கள்.

பெரிய தமனியை மூட வேண்டியிருந்தால் காதோரத் தமனியின் ரத்தம் போதாது. அப்போது காலிலிருந்து சிரையையோ, முன்கையிலிருந்து தமனியையோ எடுத்து, கழுத்திலிருந்து மண்டைக்குள் இழுக்கிறார்கள். காலின் சிரையை இப்படிப் பயன்படுத்தியதாக டொரன்டோவின் லாஹீட் 1971இல் எழுதினார். நெதர்லாந்தின் யூட்ரெக்ட்டில் டுலேகன் இன்னொரு படி போனார்: ஓட்டத்தை நிறுத்தாமலே ஒட்டுக்குழாயைத் தைத்து, பிறகு லேசரால் துளை போட்டார்.

2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒருவகை வலை ஸ்டென்ட், தொடை வழியாகவே போய் ரத்தத்தைப் புடைப்பிலிருந்து திருப்பிவிடுகிறது. பைபாஸ் தேவைப்பட்ட பலருக்கு இன்று அதுவே போதும். ஆனால் ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரை விழுங்க வேண்டும். அனியூரிசம் வெடித்து ரத்தம் கசிந்தவருக்கு அது ஆபத்து. புடைப்பிலிருந்து கிளம்பும் முக்கியக் கிளைகளுக்கும் உத்தரவாதமில்லை. இந்த மிச்சப் பேருக்குத் தைக்கத் தெரிந்த கை வேண்டும். நோயாளிகள் குறைந்துவிட்டதால் கை பழக வாய்ப்பும் குறைவு. அதனால் பயிற்சிக்கூடங்களில் இளம் மருத்துவர்கள் இறைச்சிக் கடையிலிருந்து கோழி இறக்கை வாங்கிவந்து, அதற்குள் ஓடும் ஒரு மில்லிமீட்டர் தமனியை வெட்டி, நுண்ணோக்கியின் கீழ் மறுபடி தைக்கிறார்கள்.