படகு யாருடையது, பெயர் யாருடையது? 'மரைக்காயர்' என்ற சொல்லின் பயணம்

மண்ணடியில் மரைக்காயர் லெப்பைத் தெரு என்று ஒன்று இருக்கிறது. ராயபுரத்திலிருந்து பாரிமுனைக்குப் போகும் வழியில் கொஞ்சம் உள்ளே நுழைந்தால் வரும். சென்ற மாதம் திருவொற்றியூரில் கூடிய நம் வாசிப்பு வட்டத்தில் ஒரு முஸ்லிம் மாணவர் கேட்டார்: "இஸ்லாத்துல சாதி இல்லைங்கறோம். அப்போ அந்தத் தெருப் பலகையில இருக்கிற ரெண்டும் என்ன தோழர்?"

அன்று அரைகுறையாகத்தான் பதில் சொன்னோம். இப்போது முழுதாகச் சொல்லிப் பார்க்கிறோம்.

லெப்பை என்றால் ஓதிக்கொடுப்பவர் என்றும், ராவுத்தர் என்றால் குதிரையோடு தொடர்புடையவர் என்றும் சொல்வார்கள். மரைக்காயர் கடலோடு பிறந்த பெயர். 'மரக்கலம்' என்ற நம் தமிழ்ச் சொல்லே அதன் வேர் என்பது பலரும் ஏற்கும் விளக்கம். கப்பலைக் குறிக்கும் 'மர்கப்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்போரும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் உள்ளே இருப்பது கலம்தான். ஆனால் கலத்தில் இருந்த எல்லோருக்கும் அந்தப் பெயர் கிடைத்ததா என்று யாரும் கேட்பதில்லை.

மரைக்காயர் என்றால் கலத்தின் உடைமையாளர், கடல் வணிகர். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், பரங்கிப்பேட்டை, நம் எண்ணூருக்கு வடக்கே பழவேற்காடு என்று துறைமுகம் துறைமுகமாக அவர்கள் இருந்தார்கள். துணி, மிளகு, முத்து, அரிசி எல்லாம் அவர்கள் கலங்களில் போயின. உமறுப் புலவரை ஆதரித்த கீழக்கரை சீதக்காதி 17ஆம் நூற்றாண்டின் பெரும் மரைக்காயர் வணிகர். சீறாப்புராணம் என்ற காப்பியத்துக்குப் பின்னால் கப்பல் பணம் இருந்தது; அதைச் சொல்வதால் காப்பியத்துக்குக் குறைவில்லை.

துடுப்பு போட்டவர், முத்துக்கு மூச்சடக்கி மூழ்கியவர், மூட்டை சுமந்தவர் யாரும் மரைக்காயர் ஆகவில்லை. முத்துக்குளித்துறையில் பரதவருக்கும் முஸ்லிம் வணிகருக்கும் மூண்ட மோதலில், 1530களில் பரதவர்கள் போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பைத் தேடிக் கூட்டமாகக் கத்தோலிக்கரானார்கள். இதை வெறும் மதக் கதையாகப் படிக்கிறோம். கடலின் அடியில் கிடந்த சிப்பி யாருக்குச் சொந்தம் என்ற சண்டையும் அதில் இருந்தது.

பழவேற்காட்டையும் அப்படியே பார்க்கவேண்டும். டச்சுக்காரர்கள் 1613இல் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அங்கிருந்து துணி போனது நமக்குத் தெரியும். அதே 17ஆம் நூற்றாண்டில், பஞ்சத்தில் விற்கப்பட்ட மனிதர்களும் அடிமைகளாகக் கப்பலேறி படேவியாவுக்குப் போனார்கள். வணிகரின் குடும்பப் பெயர் மூன்று நாடுகளில் இன்றும் உயிரோடு இருக்கிறது. இந்த மனிதர்களின் பெயர் எந்தத் தெருவிலும் இல்லை.

அந்த மூன்று நாடுகளுக்கு வருவோம். கேரளத்தில் அது மரக்கார். கோழிக்கோடு சாமூதிரியின் கடற்படையை நடத்திய குஞ்ஞாலி மரக்கார்கள் நான்கு பேர். நான்காமவரைப் போர்ச்சுக்கீசியர் 1600இல் கோவாவில் கொன்றார்கள். மலேசியாவில் அது மெரிக்கான். பினாங்கில் 1801இல் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை நிறுவிய காதர் முகைதீன் மெரிக்கான் நம் கரையிலிருந்து போனவர்.

இலங்கையில்தான் இந்தச் சொல் மிக விசித்திரமாக மாறியது. கொழும்புப் பக்கம் மரிக்கார் என்று குடும்பப் பெயரானது. கிழக்கில், அக்கரைப்பற்றுப் பகுதியில், ஒவ்வொரு தாய்வழிக் குடிக்கும் பள்ளிவாசலில் ஒரு பொறுப்பாளர் உண்டு. அவருக்கு மரைக்கார் என்று பெயர். அங்கே அது பதவி. சிங்களத்திலோ 'மரக்கல' என்பது ஒட்டுமொத்த முஸ்லிம்களையும் குறிக்கும் சொல். 1915இல் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த கலவரத்துக்குச் சிங்களத்தில் மரக்கலக் கலவரம் என்றே பெயர். ஒரு கரையில் பட்டமாக இருந்த சொல், மறு கரையில் கடை எரிக்க அடையாளமானது.

சாதிக் கேள்விக்குத் திரும்புவோம். மானுடவியலாளர் மாட்டிசன் மைன்ஸ் பல்லாவரம் முஸ்லிம் வணிகர்களிடையே ஆய்வு செய்து 1972இல் நூல் வெளியிட்டார். ராவுத்தர், லெப்பை, மரைக்காயர், காயலர் என்ற பிரிவுகள் அங்கே தீண்டாமையோ மேல்-கீழ் அடுக்கோ கொண்ட சாதிகளாக இல்லை என்றார். ஆனால் பெண் கொடுப்பதும் எடுப்பதும் பெரும்பாலும் பிரிவுக்குள்ளேதான். நாம் இரண்டையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பள்ளிவாசலில் தோளோடு தோள் நிற்பது உண்மை. அது நம் தெருக்களில் கிடைக்காத உண்மை. கல்யாணப் பத்திரிகை வேறு கணக்கு வைத்திருப்பதும் உண்மை.

1981 பிப்ரவரியில் மீனாட்சிபுரத்தில் சுமார் 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்துக்குப் போனபோது அவர்கள் தேடியது அந்தத் தோளைத்தான். ஊர் ரஹ்மத் நகர் ஆனது, மனிதர்களுக்குப் புதுப் பெயர்கள் வந்தன. ஆனால் 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பட்டியல் சாதி என்ற தகுதி மதம் மாறிய அன்றே போய்விடும். சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் திறந்த கதவு முஸ்லிமுக்கும் கிறிஸ்தவருக்கும் இன்றுவரை திறக்கவில்லை. இந்தப் பக்கம், 2007இல் தமிழ்நாடு தந்த 3.5 விழுக்காடு இடஒதுக்கீட்டுப் பட்டியலில் ஏழு பிரிவுகள் உள்ளன. அதில் லப்பை என்ற தலைப்புக்குள் ராவுத்தரும் மரைக்காயரும் அடக்கம். புதிதாக வந்தவர் இந்த ஏழில் எதில் பிறந்தவர்? 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பிலிருந்து மாறிய ஒருவருக்கு அந்த ஒதுக்கீடு இல்லை என்றது. 2024 மார்ச்சில் மாநில அரசு, மதம் மாறியவர்களையும் பிற்படுத்தப்பட்ட முஸ்லிமாகக் கருத ஆணையிட்டது. மீனாட்சிபுரத்துக்குப் பிறகு 43 ஆண்டுகள்.

1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பலர் சாதிப் பட்டத்தைத் துறந்ததை அடிக்கடி பேசுகிறோம். முஸ்லிம்களிடமும் பட்டங்கள் சத்தமில்லாமல் தேய்ந்தன. ராமேஸ்வரத்துப் படகுக்காரர் ஜைனுலாபுதீன் மரைக்காயரின் மகன் ஏ.பி.ஜே. அப்துல் கலாமின் மூன்று தலைப்பெழுத்துகளில் மரைக்காயர் இல்லை. பெயரிலிருந்து போனது, வருவாய்த்துறைச் சான்றிதழில் மட்டும் தங்கிவிட்டது.

கேள்வி கேட்ட மாணவரிடம் அவருடைய சான்றிதழில் என்ன இருக்கிறது என்று கேட்டோம். 'லப்பை' என்றார். வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொல்லிக் கேட்டதே இல்லையாம். அவருடைய தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்.